முப்பத்தெட்டு வரலை

தான் இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெளிநாடு போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

அங்கே ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினாறு வருடம் வேலை. நிலத்தடியில், ஜன்னல் இல்லாத கூடம். இஸ்திரி இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவிலிருந்து ஆவி பறக்க வெளியே வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து மடிக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு விரிப்பு. முதல் வருடம் விரல் கொப்பளித்தது. இரண்டாம் வருடம் தோல் தடித்தது. அதற்கப்புறம் சூடு தெரியவில்லை. தெரியாமல் இருப்பது வசதியாக இருந்ததால் அதைப் பற்றி அவள் யாரிடமும் முறையிடவில்லை. நாளாக நாளாக வேறு சில விஷயங்களும் தெரியாமல் போயின. அவையும் வசதியாகவே இருந்தன.

திரும்பி வந்த மூன்றாம் வாரம் வேலை கேட்டு உள்ளூர் மருத்துவமனைக்குப் போனாள். அங்கேயும் சலவைக்கூடம் இருந்தது. அவள் பழகிய இயந்திரம்தான், கொஞ்சம் வயதானது. மேற்பார்வையாளர் அவள் ஒரு விரிப்பை மடிப்பதைப் பார்த்தார். சொல்லித்தர ஒன்றுமில்லை, நாளைக்கே வரலாம் என்றார். பிறகு விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்துப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். அவள் ஒன்பதில் நின்றவள். மேற்பார்வையாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அழுக்குத் துணிக்குப் பத்தாவது எதற்கு என்பது தனக்கும் பிடிபடவில்லை என்றும், தான் பத்தாவது முடித்தவர் என்பதால் அதைக் கேள்வி கேட்க முடியாது என்றும் சொன்னார்.

நடந்து வீட்டுக்கு வரும் வழியில் அவள் முடிவெடுத்தாள். பெரிதாக யோசிக்கவில்லை. ஒரு வருடம் ஒன்பது, ஒரு வருடம் பத்து. பதினாறு வருடம் நின்றுகொண்டு வேலை பார்த்தவளுக்கு இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்காது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அலுவலகத்தில் எழுத்தர் பழைய பதிவேடுகளை எடுக்க எழுந்தவர், ஏதோ நினைவு வந்தாற்போல உட்கார்ந்து இந்த வருடத்துப் பதிவேட்டைப் பிரித்தார். விரல் ஒரு வரியில் நின்றது.

"நீங்க எங்க ஸ்கூல்தாம்மா," என்றார். "புதுசா எதுக்குச் சேரணும்? நீங்க போகவே இல்லையே."

"நான் வெளிநாட்டுல இருந்தேன் சார்."

"அது உங்க சொந்த விஷயம். பதிவேட்டுல இங்கதான் இருக்கீங்க. ஒன்பது 'அ', முப்பத்தெட்டு. இருக்கீங்க, வரலை. அவ்வளவுதான்."

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு மாணவியின் பெயரை நீக்க வேண்டுமென்றால் அந்த மாணவியே நேரில் வந்து நீக்கல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு அவளுக்கு வருகையும் பதிவாகியிருக்க வேண்டும். வராமல் போனவர்கள் யாரும் இதற்காக வந்ததில்லை. ஆகவே அந்தப் பள்ளியில் இதுவரை ஒரு பெயர்கூட நீக்கப்படவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதுப் பதிவேட்டில் அதே எண்ணில் எழுதப்படும். ஒன்பது 'அ'வில் மட்டும் பன்னிரண்டு, இருபத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு என்று நான்கு பேர். தினமும் கூப்பிடுகிறார்கள். தினமும் வரவில்லை.

தனித்தேர்வராக நேரே பத்தாவது எழுத முடியாதா என்று அவள் கேட்டாள். முடியும், ஆனால் தனித்தேர்வர் எந்தப் பள்ளியிலும் மாணவராக இருக்கக் கூடாது என்றார் எழுத்தர். பெயரை நீக்கிவிட்டால்? நீக்கலாம். அதற்கு வருகை வேண்டும்.

"வந்தாத்தாம்மா போகவும் முடியும்," என்றார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் இருந்திருக்க வேண்டிய இடத்தை மனதுக்குள் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. சரி சார், நாளைலருந்து வர்றேன் என்றாள்.

நாளைக்கே வர முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதலில் இத்தனை நாள் வராததற்கு விடுப்புக் கடிதம் தர வேண்டும். விடுப்புக்கு அனுமதிக்கப்பட்ட காரணங்கள் மூன்று: காய்ச்சல், நெருங்கிய உறவினர் மறைவு, வீட்டில் சுபகாரியம். வெளிநாட்டு வேலை பட்டியலில் இல்லை. எழுத்தர் நல்லவர். யோசித்து அவரே வழி சொன்னார். மறைவு என்றால் சான்றிதழ் கேட்பார்கள். இருபத்திரண்டு வருடம் நடந்த சுபகாரியம் என்றால் தணிக்கையில் மாட்டும். காய்ச்சல்தான் பாதுகாப்பு. அதுவும் மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல் என்பதால் மருத்துவர் சான்று ஒன்று போதும்.

தெருமுனை மருத்துவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். இத்தனை வருடக் காய்ச்சலில் உயிரோடு இருக்கும் ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு எழுதிக் கொடுத்தார். தன் மகனும் அந்தப் பள்ளியில் படிப்பதாகவும், அங்கே எதையும் மறுத்துப் பேசுவதில்லை என்று வைத்திருப்பதாகவும் சொன்னார்.

மீண்டும் வருவதற்கான காரணம் என்று படிவத்தில் நான்கு கோடு விட்டிருந்தார்கள். அவள் முதல் கோட்டில் 'படிக்க' என்று எழுதினாள். எழுத்தர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படி ஒரு காரணத்தை இதுவரை யாரும் எழுதியதில்லை, ஏதாவது பிரச்சினை வரலாம் என்று அடித்துவிட்டு, 'உடல்நலம் தேறியதால்' என்று அவரே எழுதினார்.

கடிதத்தில் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். பாதுகாவலர் மாணவியைவிட மூத்தவராக இருக்க வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன. அக்கா போட்டாள். போடும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள்.

"காய்ச்சல்னே இருக்கட்டும்டி," என்றாள். "நீ அனுப்பின ஃபோட்டோவுல எல்லாம் அப்படித்தான் இருந்தே."

அக்கா வீட்டில்தான் அவள் இருந்தாள். அவளுடைய மகளும் அங்கேதான், பதின்மூன்று வருடமாக. ஒரு நீண்ட விடுமுறையில் பிறந்து, பதினோராம் மாதத்தில் பெரியம்மா கைக்கு மாறியவள். குழந்தையின் அப்பாவுக்கு வேறு ஊரில் வேறு குடும்பம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி அந்த வீட்டில் நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் பேசுவதில்லை. மகள் பெரியம்மாவை நீ என்பாள். பெற்றவளை நீங்கள் என்பாள். எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். சாப்பாடு வெச்சாச்சு, ஃபோன் அடிக்குது என்று பொதுவாகக் காற்றில் சொல்லுவாள். யாருக்கு என்பது தானாகப் புரிய வேண்டும்.

மகள் படிப்பது ஒன்பது 'அ'.

சாப்பிடும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். பெரியப்பா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். மகள் சிரிக்கவில்லை.

"எந்த நம்பர்?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டாம்."

மகள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

"முப்பத்தெட்டு நீங்களா," என்றாள். கேள்வி போலவும் இல்லை. "நாங்க எல்லாரும் சேந்துதான் சொல்லுவோம். வரலை டீச்சர்னு. காலைல அது ஒண்ணுதான் ஜாலி. முப்பத்தெட்டுன்னா பேய்னு ஒருத்தி சொல்லுவா. இல்ல, டீச்சரே சும்மா வெச்ச பேருன்னு நான் சொல்லுவேன்."

அவள், இனிமே வந்துருவேன் என்றாள்.

மகள் கை கழுவிவிட்டு வந்து வாசற்படியில் நின்று, ஸ்கூலில் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொன்னாள். காற்றில்தான் சொன்னாள். ஆனால் யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை. அவள் சரி என்றாள்.

பள்ளி தானாக எதையும் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. மகளின் ஆவணங்களில் பாதுகாவலர் பெரியப்பா. அவளுடையதில் அக்கா. இரண்டு சேர்க்கை ஆண்டுகளின் கோப்புகளும் வெவ்வேறு பீரோவில் இருந்தன, ஒரு பீரோவின் சாவி தொலைந்திருந்தது.

சீருடை விதிகளில் இரட்டைச் சடை, நீல ரிப்பன் என்று இருந்தது. வயது பற்றி எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலை அக்கா ஒரே கண்ணாடிக்கு முன் இரண்டு தலைகளையும் உட்கார வைத்துப் பின்னினாள். ரிப்பன் சுருளை நாலாக வெட்டினாள். ஒரு தலையில் நரை இருந்தது. மற்றபடி முடி இரண்டிலும் ஒரே மாதிரி, சீப்புக்கு அடங்காத முடி. மகள் தன் சடை முடிந்ததும் எழுந்து போய்விட்டாள். தெருவில் மகள் அந்தப் பக்க நடைபாதை, அவள் இந்தப் பக்கம்.

பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. மருத்துவர் சான்றுக்கு மூன்று நகல் எடுக்கப் போனாள். கடைக்காரர், அவள் வயதுதான் இருக்கும், சடையைப் பார்த்தார், சான்றைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை?" என்றார்.

"முப்பத்தெட்டு."

"நான் இருபத்தொண்ணு," என்றார். கை நீட்டிக் குலுக்கினார். எட்டு வருடமாகக் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாராம். தினமும் காலையில் தன்னை வரலை என்று சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்குமாம். ஒரு நாள் இங்கிருந்தே வந்துட்டேன் என்று கத்திப் பார்த்திருக்கிறார். சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்து தரும் பதில் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்களாம். அதையும் ஒரு நகல் எடுத்துக் கடையில் ஒட்டியிருந்தார்.

வகுப்பில் அவளுக்குக் கடைசி பெஞ்ச். மகள் மூன்றாவது பெஞ்ச். டீச்சர் அவளைவிட ஏழெட்டு வயது இளையவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். முப்பத்தைந்து, உள்ளேன் டீச்சர். முப்பத்தாறு, உள்ளேன் டீச்சர். முப்பத்தேழு. முப்பத்தெட்டு என்றதும் அவள் எழுந்து உள்ளேன் டீச்சர் என்றாள். அதே மூச்சில் நாற்பது குரல் சேர்ந்து வரலை டீச்சர் என்றது. நல்ல பயிற்சி, ஒரு குரல்கூடப் பிந்தவில்லை. டீச்சர் தலை நிமிராமல் வரவில்லை என்று குறித்துவிட்டு முப்பத்தொன்பதுக்குப் போனார்.

மகளும் சேர்ந்து சொன்னாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது பெஞ்சின் முதுகு தெரிந்தது. வாய் தெரியவில்லை.

இடைவேளையில் டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் பதறிவிட்டார். பேனாவால் போட்டதைத் திருத்தினால் விளக்கம் கேட்பார்கள். கைரேகை இயந்திரத்தில் பதிந்துவிட்டால் அதுவே செல்லும் என்று அலுவலகத்துக்கு அனுப்பினார்.

இயந்திரம் புதிது. அவள் வலது கட்டைவிரலை வைத்தாள். உள்ளே இருந்து ஒரு பெண் குரல், "விரல் இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்," என்றது. பத்து விரலையும் வைத்தாள். பத்தும் இல்லை. எழுத்தர் அவள் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். விரல் நுனிகள் வழவழவென்று, சோப்புத் துண்டு மாதிரி இருந்தன. ரேகை என்று ஒன்று இல்லை. எண்ணூறு விரிப்பு, ஒரு நாளைக்கு, பதினாறு வருடம். உடற்பயிற்சி ஆசிரியர் கால் விரலை வைத்துப் பார்க்கலாமே என்றார். சுற்றறிக்கையில் கைவிரல் என்று தெளிவாக இருப்பதை எழுத்தர் எடுத்துக் காட்டினார்.

இப்படியாக அவள் தினமும் வந்து வராமல் இருந்தாள்.

படிப்பு நன்றாகவே போயிற்று. இயற்கணிதம் அவள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. இருபுறமும் சமமாகப் பிடித்து மடிக்க வேண்டும், அவ்வளவுதான். விடை தெரிந்து கையைத் தூக்குவாள். டீச்சரின் பார்வை அந்தக் கையைத் தாண்டிப் போய்விடும். ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். வராத மாணவியிடம் கேள்வி கேட்டதாகப் பாடக் குறிப்பேட்டில் எழுத முடியாது. எழுதினால் மெமோ. அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அவள் கையைத் தூக்குவதை நிறுத்திக்கொண்டாள்.

இடைப்பருவத் தேர்வில் கணக்கில் எழுபத்தொன்று. வகுப்பிலேயே நான்காவது மதிப்பெண். பட்டியலில் முப்பத்தெட்டுக்கு நேரே 'வரவில்லை, 71' என்று இருந்தது. மகளுக்கு அறுபத்தாறு. அன்று மாலை மகள் அந்தப் பக்க நடைபாதையில் கொஞ்சம் வேகமாக நடந்தாள்.

எழுத்தர் ஒரு நாள் அவளை உட்கார வைத்து விஷயத்தின் ஆழத்தைச் சொன்னார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத எழுபத்தைந்து சதவீத வருகை வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து கணக்கு. மொத்த வேலை நாள் நாலாயிரத்து அறுநூற்று இருபது. அவள் வந்தது, சிறு பெண்ணாக இருந்தபோது, நூற்றுப் பதினெட்டு. நாளையிலிருந்தே வருகை பதிவாவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நாளும் விடாமல் வந்தால், அறுபத்துமூன்று வருடம் ஒன்பது மாதத்தில் எழுபத்தைந்தைத் தொட்டுவிடலாம்.

"உங்களுக்கு இப்ப முப்பத்தாறு," என்றார். "நூறு ஆகறதுக்குள்ள ஹால் டிக்கெட் கையில இருக்கும். மழைக்கு லீவு விட்டா கொஞ்சம் தள்ளும்."

அவள் தாளை வாங்கிக் கணக்கைச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. இந்த மாதிரிக் கணக்கு தனக்கு இப்போது போட வருகிறது என்பதை மட்டும் கவனித்தாள். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் இடத்தை மார்ச் வரைக்கும்தான் வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அப்புறம் அவரே நேரில் வந்து, இரண்டு வருடம் என்றாலும் பரவாயில்லை, நன்றாக மடிப்பவர்கள் கிடைப்பதில்லை, ஆனால் அறுபத்துமூன்று என்றால் தான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார்.

கல்வித்துறையிலிருந்து ஆய்வு அலுவலர் வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. தலைமையாசிரியர் அவளை அறைக்கு அழைத்தார். மேஜையில் கண்ணாடிக் கேடயங்கள் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'இடைநிற்றல் இல்லாப் பள்ளி'. அவற்றைத் துடைத்துக்கொண்டே பேசினார். குரலில் கடுமை இல்லை.

"இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் ஒரு பிள்ளைகூட இடைநின்னதில்லம்மா. வராம இருந்திருக்காங்க. நின்னதில்ல. அந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியணும். இப்ப நீங்க வந்துட்டீங்கன்னு வைங்க. ஒருத்தர் வந்தா, மத்தவங்க ஏன் வரலைன்னு கேப்பாங்க. யாருமே வரலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

ஒரு கேடயத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் உங்களை வர வேண்டாம்னு சொல்லல. வாங்க. உக்காருங்க. படிங்க. வந்ததா மட்டும் ஆக வேணாம்."

ஆய்வு நாளில் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டால் நல்லது என்றார். அவளுக்கு மறுப்பில்லை. ஆனால் விடுப்பு எடுக்கக் காரணம் வேண்டும். காய்ச்சலிலிருந்து தேறிவிட்டதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் மறைவோ சுபகாரியமோ இல்லை. இதை அவள் குறும்பாகச் சொல்லவில்லை, விதியாகத்தான் சொன்னாள். தலைமையாசிரியர் யோசித்தார். விதி என்றதும் அவருக்கு எதிர்த்துப் பேச வராது. சரி, வந்து பேசாமல் உட்கார்ந்திருங்கள் என்றார்.

அடுத்த மூன்று நாள் அவர் வகுப்புக்கே வந்து பயிற்சி கொடுத்தார். 'வரலை' என்பது கொச்சையாம். 'வரவில்லை ஐயா' என்று, தாழ்ந்த குரலில், மரியாதையோடு, ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். நான்கு எண்களுக்கும் நான்கு முறை. பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

ஆய்வு அலுவலர் மெலிந்த மனிதர், அக்குளில் ஒரு கோப்பு. முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வரவேற்றுப் பேசினார்.

"ஐயா, ஒரு பள்ளியோட பெருமை அதுல படிச்சவங்களால வருதுன்னு சொல்லுவாங்க. நான் அப்படி நினைக்கல. படிச்சவங்க போயிடுவாங்க. எங்க பெருமை, போகாதவங்க. அறுநூத்திப் பதினோரு பேர் எங்ககிட்ட இருக்காங்க. வகுப்பறையில நானூத்தி எண்பது பேருக்குத்தான் இடம். இதுவரைக்கும் இடப் பற்றாக்குறைன்னு ஒரு புகார் இல்ல. இதுதான் நிர்வாகம்."

அலுவலர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். பன்னிரண்டுக்கு வகுப்பு வரவில்லை ஐயா என்றது. அலுவலர் நிமிர்ந்து, உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்றார். இருபத்தொன்றுக்கும் அப்படியே. எதிர்க்கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"முப்பத்தெட்டு."

வகுப்பு தாழ்ந்த குரலில் வரவில்லை ஐயா என்றது. அவள், தினமும் செய்வதுபோல, எழுந்து நின்று உள்ளேன் டீச்சர் என்றாள். வேண்டுமென்று செய்யவில்லை. கூப்பிட்டார்கள், அவள் இருந்தாள்.

அலுவலரின் பேனா நின்றது.

"கட்டடம் பழசு சார்," என்றார் தலைமையாசிரியர். "எதிரொலிக்கும்."

அலுவலர் எழுந்து கடைசி பெஞ்சுவரை நடந்து வந்தார். ரிப்பனைப் பார்த்தார், நரையைப் பார்த்தார், யார் என்று கேட்டார். அவள் எண்ணைச் சொன்னாள். அந்த எண் வரவில்லையே என்றார். இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் விரலை வைத்தாள். விரல் இல்லை, மீண்டும் முயற்சிக்கவும். மீண்டும் முயற்சித்தாள். சில பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நீங்க இல்லம்மா," என்றார் அலுவலர், மென்மையாக.

"இல்லைன்னா யார்கிட்ட சொல்றீங்க சார்?"

அவர் அதை நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். கோப்பைத் திறந்து தேடி, மடிப்பு விழுந்த ஒரு படிவத்தை எடுத்தார். இயந்திரம் ஏற்காதவர்களுக்கென்று துறை இப்படி ஒன்று வைத்திருக்கிறது, பத்து வருடமாகக் கோப்பில் இருக்கிறது, யாரும் கேட்டதில்லை என்றார். அதே வகுப்பில் படிக்கும் ஒருவர் தினமும் எழுந்து நின்று, இன்னார் வந்திருக்கிறார் என்று சாட்சி சொல்ல வேண்டும். ஆசிரியர் சொல்லக் கூடாது, தலைமையாசிரியர் சொல்லக் கூடாது. இந்தப் படிவம் கையெழுத்தாகும் நாளிலிருந்து வருகைக் கணக்கு புதிதாகத் தொடங்கும். பழையது காய்ச்சலில் கழிந்துவிடும்.

அப்படியானால் இரண்டே வருடம். எழுத்தர் வாசலில் நின்று மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"யார் சொல்றீங்க?" என்றார் அலுவலர். "விளையாட்டில்ல. பத்தாவது முடியற வரைக்கும் தினமும். ஒரு நாள் நீங்க வரலைன்னா அன்னைக்கு அவங்களும் வரலை."

யாரும் எழவில்லை. சிரித்தவர்கள் நோட்டைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். ஒன்பது இருந்தன. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தாள், மூன்றாவது பெஞ்சின் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள். நேரம் போயிற்று. அலுவலர் படிவத்தைக் கோப்புக்குள் திரும்ப வைக்கப் போனார்.

பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது.

"நான் சொல்றேன் சார்."

மகள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், அவள் தட்டிவிட்டாள்.

"தினமும் சொல்லணும்."

"சொல்றேன்."

"இப்ப என்ன சொல்லப்போறே?"

"முப்பத்தெட்டு வந்திருக்காங்க," என்றாள் மகள். யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னாள்.

தலைமையாசிரியர் முதலில் சுதாரித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் காய்ச்சலில் கிடந்த மாணவியையும் கைவிடாமல் காத்திருந்து, குணமானதும் அழைத்துக்கொண்ட பள்ளி இது என்றும், இதற்குத் தனியாக ஒரு கேடயம் இருக்கிறதா என்றும் அலுவலரிடம் கேட்டார். விண்ணப்பிக்கலாம் என்றார் அலுவலர்.

படிவம் மகளின் பெஞ்சுக்குப் போனது. பெயர், எண், வகுப்பு எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினாள். 'மாணவருக்கும் சாட்சிக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் பேனா நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து பேனாவின் மேல்முனை மட்டும் தெரிந்தது. அது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு அசைந்தது.

அலுவலர் வாங்கி உரக்கப் படித்தார். "உறவு, சக மாணவி. சரி." முத்திரையை எடுத்து இரண்டு இடத்தில் குத்தினார். மாணவி கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளிடம் தந்தார்.

அவள் படிவத்தை முதலிலிருந்து படித்தாள். சக மாணவி. இரண்டு தடவை படித்தாள். தப்பில்லை, அப்படித்தான் இருக்கிறோம் என்று தோன்றியது. மார்புக்குள் எங்கோ சுருக்கென்றது போலவும் இருந்தது. அது பழக்கமில்லாத இடம் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொடர்ந்து படித்தாள். படிவத்தின் கடைசியில், கையெழுத்துக் கோட்டுக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இரத்த உறவினரின் சாட்சியம் செல்லாது.

மறுபடி மேலே போனாள். மகளின் எழுத்து சாய்வில்லாமல், அழுத்தமாக இருந்தது. அடியில் இருந்த வரியைப் படித்துவிட்டு எழுதினாளா, படிக்காமலேயே எழுதினாளா என்பதை எழுத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது பெஞ்சில் முதுகுதான் தெரிந்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள். டீச்சர் முப்பத்தொன்பதைக் கூப்பிட்டார்.